கூகெல்லாகர்: குண்டுத் தாங்கியும் ஒரு பவேரிய நகரமும்

சைக்கிள் கடையில் பின்சக்கரத்தைக் கழற்றினால் கிரீஸுக்குள்ளிருந்து உதிரும் எஃகுக் குண்டுகளுக்கு நம் ஊரில் பெயர் ‘பால்ரஸ்’. ‘பால் ரேஸ்’ என்ற ஆங்கிலத் தொடர் நாவில் தேய்ந்து வந்த சொல் இது. அந்தத் தொடர் குண்டைக் குறிப்பதல்ல. குண்டு ஓடும் பள்ளத்தடம்தான் ‘ரேஸ்’. தடத்தின் பெயர் தமிழில் குண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தியில்கூட ‘பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்’ என்றுதான் எழுதுகிறார்கள். முழு உறுப்புக்கு, அதாவது வளையங்கள், குண்டுகள், குண்டுகளை இடம்விட்டு நிறுத்தும் கூடு எல்லாம் சேர்ந்ததற்கு, ‘பேரிங்’ என்கிறோம்.

ஜெர்மன் மொழியில் இதன் பெயர் ‘கூகெல்லாகர்’. முன்பாதி ‘கூகெல்’: உருண்டை, குண்டு. துப்பாக்கிக் குண்டும் அங்கே கூகெல்தான். விளையாட்டுத் திடலில் குண்டு எறிதலும் ‘கூகெல்ஸ்டோஸன்’தான். தமிழ்க் ‘குண்டு’ எங்கெல்லாம் போகிறதோ, ஏறக்குறைய அங்கெல்லாம் கூகெலும் போகிறது. இப்படிப் பொருந்தும் இணைச்சொற்கள் எளிதில் அமைவதில்லை.

பின்பாதி ‘லாகர்’ இன்னும் சுவையானது. ‘லீகன்’, அதாவது கிடத்தல், என்ற வினையோடு உறவுள்ள சொல். படுக்கை, முகாம், சரக்குக் கிடங்கு எல்லாமே லாகர். குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் கிடத்தி வைத்த பீரும் லாகர். தமிழில் ‘கிட’ என்ற வேர் கிடக்கை, ஆட்டுக்கிடை என்று விரிவதைப் போலத்தான். ஆக, ஜெர்மன்காரர் கண்ணில் அது அச்சு கிடக்கும் இடம். ஆங்கிலத்தில் அது சுமையைத் தாங்கும் உறுப்பு. ஒரே பொருள், இரண்டு பார்வை. தமிழில் எதைப் பிடிப்பது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன், இந்தச் சொல்லால் வாழும் ஊரைப் பார்த்துவிட வேண்டும்.

ஊரின் பெயர் ஷ்வைன்ஃபுர்ட். பவேரியாவின் வடக்கே, கீழ் ஃபிராங்கோனியாவில், மைன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 54,000 பேர் வாழும் நகரம். ‘ஃபுர்ட்’ என்றால் ஆற்றில் இறங்கி நடந்தே கடக்கக்கூடிய ஆழமில்லாத துறை. மைன் கரையில் இந்த ஈறு அடிக்கடி தென்படும்: ஃபிராங்க்ஃபுர்ட், ஹாஸ்ஃபுர்ட், ஓக்ஸன்ஃபுர்ட். ‘ஓக்ஸ்’ எருது, ‘ஷ்வைன்’ பன்றி. அப்படியே பெயர்த்தால் ‘பன்றித்துறை’. மயிலாடுதுறைக்காரர்களுக்கு இது விநோதமாகப் படாது. நகரச் சின்னத்தில் மட்டும் பன்றி இல்லை. நீலப் பின்னணியில் வெள்ளிக் கழுகுதான் இருக்கிறது. பேரரசரைத் தவிர வேறு எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத ‘ரைக்ஸ்ஷ்டாட்’ என்ற பேரரசு நகரமாக நூற்றாண்டுகள் இருந்ததன் அடையாளம் அது. பவேரியாவின் கையில் நிலையாக வந்தது 1814-ல்தான்.

1554-ல் போரில் ஊர் எரிந்து பாழானது. அதன் பிறகு எழுந்ததுதான் இன்றும் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் நகர மன்றக் கட்டடம், 1570-க்கும் 1572-க்கும் இடையில் நிக்கோலாஸ் ஹோஃப்மன் கட்டியது. 1652-ல் இங்கே நான்கு மருத்துவர்கள் கூடித் தொடங்கிய அறிவியல் கழகமே ‘லெயோபோல்டினா’. இப்போது ஹாலே நகரில் ஜெர்மனியின் தேசிய அறிவியல் கழகமாக இயங்குகிறது. சமஸ்கிருதம், பாரசீகம், அரபு மொழிகளிலிருந்து பெயர்த்த கவிஞர் ஃபிரீட்ரிஷ் ரூக்கர்ட் 1788-ல் பிறந்ததும் இங்கேதான். சதுக்கத்தின் நடுவில் சிலை உண்டு. பேரிங்குக்கு முன்பு ஊரின் பெயரைச் சுமந்து திரிந்த சரக்கு ஒரு வண்ணப்பொடி: ‘ஷ்வைன்ஃபுர்ட் பச்சை’. செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த பளீரென்ற பச்சை, கொடிய நஞ்சு. அதைச் சுவர்த்தாளில் பூசி வீட்டுக்குள் ஒட்டினார்கள்.

இனி குண்டுக்கு வருவோம். பிலிப் மோரிட்ஸ் ஃபிஷர் என்ற இவ்வூர்க் கைவினைஞர் மிதிகட்டை வைத்த ஆரம்பகாலச் சைக்கிள் ஒன்றைச் செய்தவர். அவர் மகன் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் 1883-ல் எஃகுக் குண்டுகளைத் தேய்க்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதன் அருமை புரிய, சைக்கிள் கடைத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு 9 குண்டு, கால் இஞ்ச் அளவு. இரண்டு தேய்ந்துவிட்டால் அந்த இரண்டை மட்டும் மாற்றிவிடுவதுண்டு. புதுக்குண்டு பழையதைவிட ஒரு நூலிழை பெரிது. மொத்தச் சுமையும் அந்த இரண்டின் தலையில் ஏறும். தடத்தில் குழி விழும். சில மாதத்தில் கரகரவென்று சத்தம். மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும் என்பது அதனால்தான். ஒவ்வொரு குண்டும் உருண்டையாக இருந்தால் போதாது, எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கடைந்தெடுத்த காலத்தில் அது நடக்கிற காரியம் இல்லை.

ஃபிஷர் பிடித்த வழி: இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான குண்டுகளை ஒன்றாக உருளவிடுவது. உருளும்போது ஒவ்வொரு குண்டும் தன் சுழலச்சை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாப் பக்கமும் தேயும். தட்டின் அழுத்தம் முதலில் விழுவது பெரிய குண்டின் மேல். அது தேய்ந்து அடுத்ததன் அளவுக்கு வந்த பிறகே மற்றதற்கு முறை. அளவுகோல் வைத்துத் திருத்த ஆளே வேண்டாம். பெரியது தானாகவே முதலில் குறையும்.

இன்றும் அடிப்படை அதுதான். மூலப்பொருள் ‘100சி.ஆர்.6’ என்ற எஃகுக் கம்பி: சுமார் 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம். நம் பட்டறைகளில் இதற்கு நிகரானது ‘இ.என்.31’. கம்பியைத் துண்டாக்கி, இரண்டு அரைக்கோள அச்சுகளுக்கிடையே அடித்தால், இடுப்பில் வளையம் கட்டிய சனிக்கோள்போல ஒரு உருண்டை வரும். பள்ளம் வெட்டிய தட்டுகளில் உருட்டி அந்த வளையத்தைப் போக்குவார்கள். பிறகு சுமார் 840 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்துவது, மீண்டும் இதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது. அதற்குப் பின் கல்லில் தேய்ப்பும் மெருகும் மணிக்கணக்கில். ‘ஜி10’ என்ற தரக் குண்டு முழு உருண்டையிலிருந்து அதிகபட்சம் விலகக்கூடிய அளவு 0.25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.

மூடிய இரு வளையங்களுக்குள் குண்டு எப்படிப் போனது என்று பலரும் கேட்பார்கள். உள்வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் எதிர்ப்பக்கம் பிறை வடிவில் இடைவெளி திறக்கும். குண்டுகளை அதில் இட்டு, உள்வளையத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, குண்டுகளைச் சம தூரத்தில் பரப்பி, இருபுறமும் கூட்டை வைத்து ரிவெட் அடிப்பார்கள். ‘6203’ என்ற எண் பொறித்த பேரிங்கில் வழக்கமாக 8 குண்டுகளே இருப்பது, பிறைக்குள் அவ்வளவுதான் பிடிக்கும் என்பதால்.

ஃபிஷரின் வழியைப் பிடித்து ஊரில் ஆலைகள் வரிசையாக முளைத்தன. 1895-ல் எர்ன்ஸ்ட் சாக்ஸும் கார்ல் ஃபிஷ்டலும் தொடங்கிய ஃபிஷ்டல் உண்ட் சாக்ஸ், 1903-ல் ‘டார்பீடோ’ சைக்கிள் ஹப்பால் புகழ்பெற்றது. ஃபிஷரின் ஆலை 1909-ல் கேயார்க் ஷேஃபர் கைக்குப் போய், எஃப்.ஏ.ஜி. கூகெல்ஃபிஷர் ஆனது. (கூகெல்ஃபிஷ் என்றால் உப்பிக்கொள்ளும் பேத்தை மீன்; சிலேடை தற்செயல்தான்.) 1929-ல் ஸ்வீடனின் பேரிங் நிறுவனமான எஸ்.கே.எஃப். வந்து இறங்கியது. ஒரே பொருளில் இவ்வளவு பெரிய பங்கு ஒரே ஊரில் குவிந்ததற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது: 1943 ஆகஸ்ட் 17, அக்டோபர் 14 ஆகிய நாட்களில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. ஆகஸ்டில் ரேகன்ஸ்பூர்க் நகரையும் சேர்த்துத் தாக்கியதில் 60 விமானங்களையும், அக்டோபரில் மீண்டும் 60 விமானங்களையும் அமெரிக்கா இழந்தது. ஆலைகளை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்துக்கொண்டு போனதால் உற்பத்தி முழுதாக நிற்கவில்லை.

இன்று எஃப்.ஏ.ஜி. ஷேஃப்லர் குழுமத்திலும் சாக்ஸ் இசட்.எஃப். குழுமத்திலும் அடக்கம், எஸ்.கே.எஃப். ஜெர்மனியின் தலைமையகம் இங்கேயே. மக்கள்தொகையை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு ஊரில் வேலைகள் உண்டு; காலையில் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள். காரும் காற்றாலையும் தள்ளாடினால் ஊரும் தள்ளாடும். பேரிங் பணம் கலையாகவும் மாறியிருக்கிறது: 2000-ல் திறந்த கேயார்க் ஷேஃபர் அருங்காட்சியகத்தில் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியங்கள், குறிப்பாக ஷ்பிட்ஸ்வேக்கின் படங்கள்; எர்ன்ஸ்ட் சாக்ஸ் கட்டிக்கொடுத்த பொதுக் குளியலகம் இப்போது கலைக்கூடம்.

பேரிங் ‘போவது’ தேய்ந்து மட்டும் அல்ல, மாட்டும் விதத்தாலும்தான். அச்சில் ஏற்றுகையில் வெளிவளையத்தில் சுத்தியல் விழுந்தால் அந்த அடி குண்டுகள் வழியாகவே உள்வளையத்துக்குப் போகும். குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் தடத்தில் பள்ளம். அச்சில் ஏற்றினால் உள்வளையத்தை அழுத்த வேண்டும்; பேரிங் உட்காரும் குழிக்குள் இறக்கினால் வெளிவளையத்தை. கிரீஸைத் திணித்து நிரப்புவதும் கெடுதல். வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், மிஞ்சினால் கடைபட்டுச் சூடேறும். கழுவிய பேரிங்கைக் காற்றடித்து ‘விர்’ரென்று சுழலவிடும் பழக்கத்தையும் விடவேண்டும். எண்ணெய் இல்லாத குண்டு தடத்தைக் கீறும். வேகம் மிஞ்சினால் சிதறவும் செய்யும்.

இப்போது தமிழ்ச்சொல். இலங்கைப் பாடநூல்களில் ‘குண்டுப் போதிகை’ என்பார்கள். கோயில் தூணின் தலையில் உத்தரத்தை ஏந்தும் உறுப்புதான் போதிகை. அழகான எடுத்தாளல், ஆனால் போதிகை அசையாது. ‘லாகர்’ வழியில் ‘குண்டுக்கிடை’ என்று வைத்தால் ஆடு நினைவுக்கு வரும். சாலையோரச் சுமைதாங்கியைத் தெரிந்தவர்களுக்குத் ‘தாங்கி’ உடனே பிடிபடும். ‘பந்துத் தாங்கி’ எனச் சிலர் எழுதுவது ஆங்கிலப் ‘பால்’ செய்த வேலை. பந்து துள்ளுவதற்கு, எஃகில் அடித்துத் தேய்த்தது குண்டு. எனவே குண்டுத் தாங்கி. அதே வரிசையில் உருளைத் தாங்கி, கூம்புருளைத் தாங்கி, ஊசித் தாங்கி. உறுப்புகளுக்குப் புறவளையம், அகவளையம், ஓடுதடம், கூடு. கூட்டுக்கு ஜெர்மனிலும் ‘கேஃபிக்’, கூண்டு என்றே பெயர்.

பேரிங்கில் பொறித்திருக்கும் எண்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 6203-ல் 6 என்பது ஆழ்தடக் குண்டு வகை, 2 அளவு வரிசை, 03 என்றால் துளை 17 மி.மீ. 04 முதல் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை வந்துவிடும்: 6205-க்கு 25 மி.மீ. பின்னால் ‘இசட் இசட்’ இருந்தால் இருபுறமும் தகர மூடி, ‘2ஆர்.எஸ்.’ இருந்தால் ரப்பர் மூடி, ‘சி3’ இருந்தால் சூடாகும் மோட்டாருக்காகச் சற்றுத் தளர்வு கூடுதல். பழையதைக் கழற்றியதும் துடைத்து, வளையத்தின் விளிம்பில் பொறித்திருப்பதை ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.