ஐலேண்ட் கிச்சனில் அடுப்பை எங்கே வைப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இருபது வருஷத்துக்கு முன் கட்டிய வீடு. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையே உள்ள சுவரை எடுத்துவிட்டு நடுவில் ஒரு ஐலேண்ட், அதாவது சுவரை ஒட்டாமல் தனியாக நிற்கும் மேடை, போடப் போகிறோம். வீட்டில் ஆறு பேர். அடுப்பை ஐலேண்டிலேயே வைத்தால் எல்லோரையும் பார்த்துப் பேசிக்கொண்டே சமைக்கலாம் என்கிறார் இன்டீரியர்காரர். வாஸ்துப்படி அக்னி மூலையான தென்கிழக்கை விட்டு அடுப்பை நகர்த்தவே கூடாது என்கிறார் மாமனார். அறிவியல் யார் பக்கம்?"

அடுப்பு சுவரோரமாக, முடிந்தால் மூலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஐலேண்டைக் காய் நறுக்கவும், சப்பாத்தி தேய்க்கவும், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் சொன்ன இடமே இதற்கும் பொருந்தலாம். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எடுக்கப்போகும் சுவர் பாரம் தாங்கும் சுவரா என்று ஒரு சிவில் இன்ஜினியரிடம் காட்டாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். ஐலேண்டைச் சுற்றி ஒருவர் மட்டும் புழங்குவதென்றால் 105 செ.மீ. நடைவழி போதும். இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் 120 வேண்டும். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தால் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 4 முதல் 8 மீட்டருக்குள் இருப்பது நல்லது. சமையலறையில் நடக்கும் தூரத்தை அளந்து திட்டமிடும் வழக்கத்துக்கு நூறு வருஷ வரலாறு உண்டு. அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியாளர் தொழிற்சாலை வேலைகளின் அசைவுகளை அளந்த முறையையே 1920-களின் இறுதியில் சமையலறைக்கும் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்பே, 1926-இல், ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ரயில் உணவுப் பெட்டியின் சிக்கனத்தைப் பார்த்து ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. ஐலேண்டில் சிங்க் வைப்பதானால் கழிவுநீர்க் குழாய்க்குத் தரைக்கு அடியில் சரிவு கிடைக்க வேண்டும். மிக்ஸிக்கான பிளக் பாயின்ட்டும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

இதெல்லாம் டேப்பும் பென்சிலும் இருந்தால் தீர்ந்துவிடும் வேலை. தாளிப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்பதை எந்தத் திட்ட வரைபடமும் காட்டுவதில்லை. அதனால் அதைத்தான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

காய்ந்த எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் விழும் நொடியை நினைத்துப் பாருங்கள். மேலே எழுவது பெரும்பாலும் சூடான காற்று. அது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளையும் மிளகாயின் காரத்தையும் சுமந்துகொண்டு போகிறது. சூடான காற்று லேசானது, ஆகவே மேலே போகும் என்பது பள்ளிப் பாடம். அது தனியாகப் போவதில்லை என்பதைப் பாடம் சொல்வதில்லை. போகும் வழியெல்லாம் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொண்டே போகிறது. 1956-இல் மார்ட்டன், டெய்லர், டர்னர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை எளிய கணக்காக மாற்றியது. அதன் அடிப்படை ஊகம் ஒரே வரிதான்: பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே நுழையும் வேகம், புகைத்தூண் மேலே ஏறும் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எரிமலைப் புகை முதல் ஊதுபத்திப் புகை வரை இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் அடுப்புக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 25 செ.மீ. அகல வாணலி. அதிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். வாணலிக்கு 65 செ.மீ. மேலே, சிம்னியின் வாய் இருக்கும் உயரத்தில், அந்தப் புகைத்தூணில் ஓடும் காற்று மணிக்குச் சுமார் 200 கன மீட்டர். 10 அடிக்கு 13 அடி சமையலறையின் மொத்தக் காற்றே 36 கன மீட்டர்தான். ஒரே ஒரு வாணலி, அந்த அறையின் காற்று முழுவதையும் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் தன் வழியாக மேலே அனுப்பிவிடுகிறது! முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது தசமப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சிம்னியின் வேலை இந்த 200 கன மீட்டரையும் வாங்கிக்கொள்வது. "சிம்னிதான் உறிஞ்சுமே, புகை எங்கே இருந்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். இரண்டடி தள்ளி நின்று ஊதினாலும் சுடர் அணைந்துவிடும். இப்போது ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, மூச்சை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் உள்ளே இழுங்கள். சுடர் அசைவதே அரிது. ஊதும்போது காற்று ஒரு திசையில் தாரையாகப் போகிறது. உறிஞ்சும்போது எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு வேகம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். சிம்னியும் அப்படித்தான். அரை மீட்டர் தள்ளிப் போகும் புகையை அதனால் கூப்பிட்டு இழுக்க முடியாது. தன் வாய்க்கு நேராக வந்து சேரும் புகையை மட்டுமே வாங்கிக்கொள்ளும்.

ஆகவே புகை நேராக வந்து சேர வேண்டும். அதற்குத்தான் சுவர் உதவுகிறது.

திறந்த வெளியில் எரியும் அடுப்பின் புகைத்தூண் நாலா பக்கமும் காற்றை இழுக்கிறது. அடுப்பைச் சுவரோரம் தள்ளினால் சுவர்ப் பக்கத்திலிருந்து காற்று வர வழியில்லை. அந்தப் பக்கம் அழுத்தம் சற்றுக் குறைகிறது. எதிர்ப்பக்கக் காற்று புகையைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. புகை சுவரில் சாய்ந்து, ஒட்டிக்கொண்டே ஏறுகிறது. விறகடுப்பு எரிந்த பழைய வீடுகளில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கரித்தடத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே குறுகலாக ஆரம்பித்து மேலே போகப் போக விரிந்திருக்கும். சுவர் புகையைப் பிடித்து வைத்திருந்ததற்கான ஓவியம் அது.

எவ்வளவு உதவி என்பதையும் கணக்கிடலாம். இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் இன்னொரு அடுப்பு தெரியும். அது நிஜமாகவே இருந்து, இரண்டு அடுப்புகளும் முதுகோடு முதுகாக எரிகின்றன என்றால், இரண்டுக்கும் சரி நடுவில் உள்ள தளத்தை எந்தக் காற்றும் கடக்காது. இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே அந்தப் பக்கமும் தள்ளும். காற்றே கடக்காத இடத்தில் சுவர் எழுப்பினால் எதுவும் மாறாது. அப்படியானால் சுவரோர அடுப்பின் புகைத்தூண் என்பது இரு மடங்கு வெப்பமுள்ள பெரிய புகைத்தூணில் சரிபாதி.

புகைத்தூணில் ஓடும் காற்றின் அளவு வெப்பத்தின் கனமூலத்தைப் பொறுத்தது. வெப்பத்தை எட்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் ஆகும். வெப்பத்தை இரண்டு மடங்காக்கினால் 1.26 மடங்கு. அதில் பாதி 0.63. அதாவது அதே வாணலி, அதே தீ. சுவரோரம் வைத்ததாலேயே சிம்னி வாங்க வேண்டிய காற்று நூற்றுக்கு 37 பங்கு குறைந்துவிடுகிறது.

இப்போது மூலைக்கு வாருங்கள். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் வைத்தால் எத்தனை பிம்பம் தெரியும்? 360-ஐ 90-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் மூன்று. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பரீட்சைக்காக உருப்போட்ட சூத்திரம் சமையலறை மூலையில் உயிரோடு இருக்கிறது. நிஜ அடுப்போடு சேர்த்து நான்கு அடுப்புகள். நாலின் கனமூலம் 1.59. அதில் கால் பங்கு 0.40. திறந்த வெளியில் 200 கன மீட்டர் கேட்ட அடுப்பு மூலையில் 80 கேட்கிறது. கணக்கு தீயை ஒரு புள்ளியாகவும் அதைச் சுவரோடு ஒட்டியதாகவும் எடுத்துக்கொள்கிறது. வாணலியின் கைப்பிடிக்கும் நம் முழங்கைக்கும் பக்கச் சுவரிலிருந்து 30 செ.மீ.யாவது விட்டாக வேண்டும் என்பதால் மூலையின் பயன் முழுதாகக் கிடைக்காது. பின்சுவரின் பயன் பெருமளவு கிடைத்துவிடும்.

நம் பாட்டிமார் மூலையில் அடுப்பு போட்டுப் புகைபோக்கியை அதற்கு நேர் மேலே வைத்ததில் இந்த அனுபவ அறிவு இருந்திருக்கலாம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே உள்ள கணக்கில் தென்கிழக்கு என்று எங்கேயும் வரவில்லை. வடமேற்கு மூலைக்கும் அதே 0.40-தான். திசை சரியில்லை என்று நன்றாக இருக்கும் சமையலறையை இடித்து, கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. உங்கள் வீட்டில் தென்கிழக்கு மூலையில் ஜன்னலும் வெளிச்சுவரும் இருந்தால் தாராளமாக அங்கேயே வையுங்கள், மாமனாருக்கும் நிம்மதி. சிம்னிக் குழாய் போக அங்கே வெளிச்சுவர் இல்லையென்றால் வேறு மூலையைப் பாருங்கள்.

ஐலேண்டுக்குத் திரும்புவோம். அங்கே சுவர் இல்லை என்பது பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி குறுக்குக் காற்று. வாணலிப் புகை விநாடிக்கு ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே சுழலும் சீலிங் ஃபேனின் காற்று அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். சுவரில் ஒட்டிய புகையை அது எளிதில் பெயர்க்காது. நடுவில் தனியாக நிற்கும் தூணைச் சாய்த்துவிடும். நம் ஊரில் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. திறந்த சமையலறை என்பதால் சாய்ந்த புகை சோபாத் துணி வரைக்கும் போகும்.

அப்புறம் உயரம். சுவரோர சிம்னியில் தலை இடிக்கும் பயம் குறைவு. ஐலேண்டில் மூன்று பக்கமும் ஆள் நடமாட்டம் இருப்பதாலும், எதிரே இருப்பவர் முகத்தை மறைக்கக் கூடாது என்பதாலும் சிம்னியை உயர்த்தி மாட்டுகிறார்கள். 65 செ.மீ.க்குப் பதில் 90-இல் மாட்டினால், அதற்குள் புகைத்தூண் இன்னும் காற்றைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 40 சதவீதம் பருத்துவிடுகிறது. சுவரோரம் 65-இல் இருந்ததோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். மேடையிலிருந்தே கீழ்நோக்கி உறிஞ்சும் வகையும் விற்பனைக்கு இருக்கிறது. மேலே ஏறத் துடிக்கும் காற்றை அது திருப்பி இழுக்க வேண்டும். தோசைக்கல்லுக்கு ஓரளவு சரிவரும், உயரமான சாம்பார்ப் பாத்திரத்துக்குச் சிரமம்.

இந்தக் கணக்குகளை நம் தாளிப்புக்கு, நம் ஃபேன்களுக்குக் கீழே, நம் ஃபிளாட்டுகளில் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சமையலறைப் புகையை அளப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2000-களின் தொடக்கத்திலேயே கிராமத்து வீடுகளில் விறகுப் புகையை அளந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த எரிவாயு அடுப்பு ஆய்விலும் தமிழ்நாடு ஒரு களம். அந்தப் பெரிய ஆய்வுக்கான பணம் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனத்திடமிருந்தும் கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்தும் வந்தது. நம் அம்மாக்கள் தினம் மூன்று வேளை சுவாசிக்கும் காற்றை அளக்க நம் அரசே தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ராக்கெட்டுக்குக் கேட்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படாது.

சரி, எல்லாம் கேட்ட பிறகும் அடுப்பு நடுவில்தான் வேண்டும் என்றால், சிம்னி அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ.யாவது அகலமாக இருக்கட்டும். குழாயில் வளைவுகள் குறைவாக இருக்கட்டும். டப்பாவில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று போட்டிருந்தாலும் நீளக் குழாயும் நாலு வளைவும் சேர்ந்தால் அது கிடைக்காது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அது அடுப்புக்கு நேர் பக்கத்தில் இல்லாமல் எதிர்க்கோடியில் இருந்தால் நல்லது.

சுவரை உடைப்பதற்கு முன் இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். இப்போதைய அடுப்பு மேடையில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்து, புகை எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு அதே ஊதுபத்தியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், அதே உயரத்தில் வைத்து, ஃபேனை வழக்கமாகச் சுற்றும் வேகத்தில் போடுங்கள். இன்டீரியர்காரரையும் மாமனாரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். புகை யார் முகத்துக்குப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.