மென்டரை ஆலோசகர் என்பது தகுமா?

பணியிலேயே உடனிருந்து இளையவரை வளர்க்கும் மூத்தவரே ‘மென்டர்’. பொதுச் சுகாதாரப் பயிற்சிக் கையேடுகளில் அச்சொல் வருமிடமெல்லாம் ‘ஆலோசகர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பிழை என்பதே என் துணிபு.

மென்டர் என்பது கிரேக்கப் பெயர். ஹோமரின் ஒடிசியில், போருக்குச் செல்லும் ஒடிசியஸ் தன் இல்லத்தை ஒப்படைத்துச் செல்லும் நண்பன் அவன். பின்னர் அவனுருவில் வரும் அதீனா, மகன் டெலிமாக்கசுடன் கடற்பயணத்தில் உடன்செல்கிறாள். டெலிமாக்கசைப் பற்றி பெனலோன் என்னும் எழுத்தாளர் எழுதி 1699இல் வெளிவந்த பிரெஞ்சுக் கதைக்குப் பிறகே அது பொதுப்பெயராயிற்று.

ஆலோசகர் என்பவரோ கேட்டால் கருத்துச் சொல்பவர், உடன்வருபவர் அல்லர். மேலும், இத்துறையில் அச்சொல் ஒப்பந்தத்தின்பேரில் திட்டம் வகுக்கும் வல்லுநரையும், பரிசோதனை முடிவைப் பக்குவமாக எடுத்துச்சொல்லும் பணியாளரையும் ஏற்கெனவே குறிக்கிறது. மூன்றாமவரையும் அதிலேயே ஏற்றினால், ‘ஆலோசகரை அணுகவும்’ என்ற வரியைப் படிக்கும் இளம் அலுவலர் யாரிடம் போவார்? ‘வழிகாட்டி’யும் உதவாது, இங்கே அது பெரும்பாலும் ஓர் ஆவணத்தின் பெயர்.

வயிற்றுப்போக்குப் பரவலை முதன்முறையாக ஆராயும் இளையவரை எண்ணிப் பாருங்கள். மேலதிகாரிக்கு மாலைக்குள் அறிக்கை வேண்டும். பயிற்றுநரின் வேலை வகுப்பறையோடு முடிந்தது. மென்டரோ நோயாளர் பட்டியலை அவரருகில் அமர்ந்து பார்த்து, “மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பே நோயுற்ற இவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டு, விடையை அவரே தேட விடுவார். 1951இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்மியூர் நிறுவிய கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணி, இளம் மருத்துவர்களை இவ்வாறு களத்தில் வைத்தே உருவாக்கியது.

இதற்குரிய சொல் நம்மிடம் உண்டு: ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி. “பெற்ற பெருவளம் பெறாஅர்க் கறிவுறீஇ” என்று தொல்காப்பியம் சொல்வதுபோல, முன்னே சென்று பயன்பெற்ற கலைஞன் பின்னே வருபவனை நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை. இருவரும் கலையால் வாழ்பவர்கள் என்பதே இதன் சிறப்பு. மூத்த நோய்ப்பரவலியலாளருக்கும் இளையவருக்கும் உள்ள உறவும் அதுவே. இலங்கையில் உளவளத்துணை (கவுன்சலிங்) செய்வோரை இச்சொல்லால் குறிக்கிறார்களே என்பர். அங்கே ‘உள’ என்னும் அடை சேர்த்துக்கொண்டால் குழப்பமில்லை. புண்ணை ஆற்றுவதோடு இதை இணைத்து மறுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுவதேயில்லை போலும்.

மென்டரிடம் பயிலும் ‘மென்டீ’க்குத் தனிச்சொல் புனையவேண்டியதில்லை. அவர் மாணவரல்லர், பொறுப்பேற்ற அலுவலர். ‘இளநிலைப் பணியாளர்’ என்றாலே போதும்.