சொறி மருந்துக்கு அடங்காத அரிப்பு

மாதவரம், புழல், செங்குன்றம் பக்கத்துப் பட்டிகளில் செம்மறி ஒன்று வேலிக்கம்பில் உடம்பைத் தேய்த்தபடி நின்றால், வளர்ப்பவர்கள் அதைச் சொறி என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஐவர்மெக்டின் ஊசி இரண்டு தவணை போட்டால் அரிப்பு அடங்கிவிடும். அடங்காமல், ஆடு நன்றாகத் தின்றும் மெலிந்து, பின்னங்கால் தள்ளாடி, முதுகைச் சொறிந்துவிட்டால் உதட்டை மென்றுகொண்டே நிற்குமானால், ஸ்கிரேப்பி என்ற மூளை நோயையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இங்கே நான் இதுவரை உறுதிசெய்யப்பட்ட ஸ்கிரேப்பியைக் கண்டதில்லை. ஆனால், இமயமலை அடிவாரச் செம்மறிகளில் அது இருந்ததாக 1961-இலேயே பதிவாகியிருக்கிறது. பாடநூல்கள் கம்பளி உதிர்வதை முக்கிய அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்லும். நம் மெட்ராஸ் ரெட் செம்மறிக்கோ கம்பளியே கிடையாது என்பதால், முதுகிலும் விலாவிலும் முடி தேய்ந்து தோல் தெரிவதையே நாம் பார்க்க வேண்டும்.

இந்நோய்க்குக் காரணம் கிருமி அல்ல. பிரியான் எனப்படும், முறைதவறி மடிந்த ஒரு புரதம். அதை எதிர்த்து உடல் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குவதில்லை. எனவே தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் இல்லை. கொதிநீருக்கோ ஃபார்மலினுக்கோ அது அழிவதில்லை. ஐஸ்லாந்தில் நோய் கண்ட மந்தைகளை முழுவதும் அழித்துக் கொட்டகைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்த பின்னும், ஓரிடத்தில் 16 ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் எதிர்ப்புத்திறன் கொண்ட மரபணு வகைக் கிடாக்களைத் தேர்ந்து இனப்பெருக்கத்துக்கு விட்டதும் இதனால்தான்.

பட்டிக்குள் இது பரவும் முக்கிய வழி ஈற்று. நோயுள்ள பெட்டை போடும் நஞ்சுக்கொடியையும் அதன் நீர் பட்ட வைக்கோலையும் மற்ற ஆடுகள் முகர்ந்து நக்கும். குட்டிகளே எளிதில் தொற்றுக்கு ஆளாகின்றன. ஆகவே ஈனும் ஆட்டைத் தனியே கட்டி, நஞ்சு விழுந்தவுடன் அதை நாய்க்கு வீசாமல் அப்புறப்படுத்த வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஆள்தான் வேண்டும்.

தொற்றிய குட்டி நோயைக் காட்ட 2 முதல் 5 ஆண்டுகள் ஆகின்றன என்பதே நோயொழிப்பைக் கடினமாக்குகிறது. அரிப்போடு தள்ளாடிய பெட்டை ஒன்றைக் காண மீஞ்சூர்ப் பக்கம் போனபோது, அதை முந்தின நாளே ஆட்டுத்தொட்டிக்கு, அதாவது இறைச்சிக்கூடத்துக்கு, விற்றுவிட்டிருந்தார்கள். “எங்க வாங்கினது?” என்றேன். “சந்தையில சார், மூணு வருசம் இருக்கும். யார்கிட்டன்னு ஞாபகம் இல்ல” என்றார் உரிமையாளர். நோயை உறுதிசெய்ய உதவியிருக்கும் மூளைத்தண்டும், அது எங்கிருந்து வந்தது என்ற தடமும் ஒரே நாளில் போயின. அது வேறொரு மூளை நோயாகவும் இருந்திருக்கலாம், சொறியோடு சேர்ந்த வெறும் பலவீனமாகவும் இருந்திருக்கலாம்.

அத்தகைய ஆட்டை விற்காமல் தனியே கட்டிக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இறந்தால் தலையைப் புதைத்துவிடாமல், மாதிரி எடுக்கும்வரை நிழலில் வைத்திருங்கள். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பெட்டையின் காதிலும் எண் வில்லையை மாட்டி, விற்றவர் பெயர், ஊர், வாங்கிய தேதி, ஈன்ற குட்டிகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஐந்தாண்டுகளுக்காவது அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.