தாடை மூட்டு வலிக்கு ஊசி: எந்த ஊசி, யாருக்கு?

பண்ருட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. வலது காதுக்குள் குத்துகிறது என்று ஏழு மாதமாகச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார். காதில் ஒன்றுமில்லை என்று காது டாக்டர் சொன்ன பிறகுதான் கடலூருக்கு என்னிடம் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டரம்மா, இதுக்கு ஊசி இருக்குதாமே, போட்டு விட்டுடுங்களேன்" என்றார்.

இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இடது மூட்டு வழுக்கிக்கொண்டு முன்னே வந்தது. வலது மூட்டு பாதி வழியில் நின்றுவிட்டது, மோவாய் வலப்பக்கம் கோணியது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் 24 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டும். உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள், தோராயமாகத் தெரிந்துவிடும்.

காது வலி என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை. தாடை மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளைதான் காதின் முன்பக்கத்துக்கும் போகிறது. மூட்டு நொந்தால் காது குத்துவது போலத்தான் இருக்கும்.

ஊசி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பிரித்துப் பார்ப்பது, வலி தசையிலா மூட்டிலா என்பதைத்தான். பெரும்பாலோருக்குத் தசையில்தான். பொங்கல் முடிந்த வாரம் பாருங்கள், பன்னீர்க் கரும்பைக் கடித்து இழுத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பரீட்சைத் தாள் திருத்தும்போது தன்னை அறியாமல் பல்லைக் கடிக்கும் ஆசிரியைகள், ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கும் இளைஞர்கள் எல்லோரும் இந்த ரகம். இவர்களில் மிகப் பலருக்கு ஊசியே தேவைப்படாது. இரண்டு மூன்று வாரம் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், கன்னத்தை நீவிவிடுதல், நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி. சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது என்பதை மட்டும் பழகிக்கொண்டால் பாதி வலி போய்விடும்.

போடாக்ஸ் ஊசி தசைக்குப் போடுவது, மூட்டுக்குள் அல்ல. கன்னத்துத் தசையைத் தளர்த்தும். சில நாளில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். பல்லைக் கடிக்கும் பழக்கம் அப்படியே இருந்தால் வலி திரும்பி வரும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும், தாடை எலும்பும் பாதிக்கப்படலாம் என்ற கவலை எங்கள் துறையில் இருக்கிறது. முகத்தை ஒல்லியாக்கும், வலியையும் போக்கும் என்று சேர்த்து விளம்பரம் பார்த்துவிட்டு வரும் பெண்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும் போடக் கூடாது.

அந்த அம்மாவுக்குப் பிரச்சினை மூட்டுக்குள்தான். எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற வட்டு முன்னே நழுவி, வழியை மறித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் பயிற்சி செய்தும் 27-க்கு மேல் திறக்கவில்லை. அதன் பிறகுதான் மூட்டைக் கழுவலாம் என்று முடிவு செய்தேன். ஆர்த்ரோசென்டெசிஸ் என்பார்கள், நிட்ஸான், டோல்விக், மார்ட்டினெஸ் மூவரும் 1991-இல் எழுதிய முறை. மரத்துப்போக வைத்து, காதுக்கு முன்னால் மூட்டின் மேல் அறைக்குள் இரண்டு ஊசி செருகுவோம். ஒன்றின் வழியாக ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் உள்ளே போகும், இன்னொன்று வழியாக வெளியே வரும். அவருக்கு முதல் சிரிஞ்சை அழுத்தும்போது கை முட்டியது, இரண்டாவது ஊசியில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்டி, தாடையை அசைக்கச் சொன்னபோது சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு நூல் பிடித்தாற்போல் ஓடியது. அந்த இடத்தில்தான் உள்ளே ஒட்டிக் கிடந்தது விடுபடுகிறது. கழுவி முடித்ததும் ஒரு மில்லி ஹையலூரோனிக் ஆசிட் விட்டேன். மூட்டில் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்புத் திரவத்தின் முக்கியப் பொருள் அது. அன்றே 36 மில்லிமீட்டர் திறந்தார்.

ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். வீக்கம் அதிகமான மூட்டுக்கு ஒரு முறை போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே மூட்டில் வருடத்துக்கு நான்கு முறை போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சர்க்கரை ஏறித் தவித்திருக்கிறார். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பே அரிக்கும். உங்கள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் எடுக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால், அதையே முதல் வழி என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள்.

2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. தாடைப் பயிற்சி, கையால் தசையைத் தளர்த்துதல், மனநல ஆலோசனை முறைகள் இவற்றை அழுத்தமாகப் பரிந்துரைத்தார்கள். போடாக்ஸ், ஹையலூரோனிக் ஆசிட், ஸ்டீராய்டு ஊசிகளையும், மூட்டுக் கழுவலையும்கூடப் பெரும்பாலோருக்கு வேண்டாம் என்ற பக்கமே வைத்தார்கள். மூட்டு பூட்டிக்கொண்டு வாய் திறக்க முடியாதவர்களுக்கு மட்டும் கழுவலை நான் இன்னும் செய்கிறேன், அதுவும் பயிற்சி பலிக்காத பிறகு.

வாய் திறக்கவில்லை என்றாலே மூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து இறுகி, காரம் பட்டால் எரியும். அது வேறு நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. நடக்கும்போது தாடை வலித்து வியர்த்தால், மார்பு இறுகினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல், மெல்லும்போது தாடை சோர்ந்து, தலைத்தோல் தொட்டாலே வலித்து, பார்வை மங்கினாலும் அன்றே காட்ட வேண்டும்.

ஊசி என்று முடிவானால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதையும் சர்க்கரை இருப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். போட்ட பக்கம் சில மணி நேரம் கண் சரியாக மூடாமல் இருக்கலாம், மரப்பு மருந்து போனதும் சரியாகும். அன்று பைக்கில் திரும்பாதீர்கள், காற்றும் தூசியும் கண்ணில் படும். அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஒரு பட்டையை ஒட்டித்தான் பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாளிலிருந்து ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கிடையில் அடுக்கி, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டச் சொல்லியிருந்தேன். நாலாவது வாரம் குச்சிக்கட்டை நூலால் கட்டி எடுத்துக்கொண்டே வந்தார்.