சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் ஒன்றாம் வகுப்பு. கதைப் புத்தகத்தை நீட்டினாலும் சரி, கத்தரியும் கலர் பேப்பரும் கொடுத்தாலும் சரி, சப்பாத்திக் கட்டையைக் கையில் கொடுத்தாலும் சரி, தொடுவதற்கு முன்பே "எனக்கு வராது" என்று சொல்லிவிடுகிறாளாம். "அவ எது செஞ்சாலும் சூப்பர், நீதான் பெஸ்ட்டுன்னு சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கேன். அப்படியும் ஏன் தன்னம்பிக்கை வரல?"

அந்த "அப்படியும்" என்கிற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். "அதனாலேயே" என்று இருக்குமோ?

பாராட்டு பற்றிய ஆய்வுகள் பலருக்கும் தெரிந்தவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் வேண்டுமென்றே கஷ்டமான புதிர். அதில் எல்லோரும் சறுக்கினார்கள். அதற்குப் பிறகு பழையபடி சுலபமான புதிரைக் கொடுத்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களின் மதிப்பெண் முதலில் எடுத்ததைவிடக் குறைந்துபோனது, முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களுக்குக் கூடியது. எத்தனை மார்க் வாங்கினாய் என்று கேட்டால் கூட்டிச் சொன்னவர்களும் பட்டம் வாங்கிய கூட்டத்தில்தான் அதிகம். 2014-இல் எடி புரூமல்மன் குழுவினர் நெதர்லாந்தில் இன்னொன்றைக் கவனித்தார்கள். தன்மதிப்பு குறைந்த பிள்ளை வரைந்த படத்தை "அழகா இருக்கு" என்று சொல்லாமல் "அடேயப்பா, என்னா அழகு!" என்று ஊதிப் பெருக்கிப் பாராட்டினால், அடுத்து வரையச் சொல்லும்போது அந்தப் பிள்ளை சுலபமான படமாகப் பார்த்து எடுக்கிறது. கொடுமை என்னவென்றால், பெரியவர்கள் இந்த ஊதல் பாராட்டை அதிகமாகக் கொடுப்பதே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான். பாவம், தேறட்டும் என்று.

ஏன் இப்படி ஆகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பரிசோதனைக்கு இங்கேதான் வர வேண்டும்.

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் வெளியிட்டது. ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகள், சரியாகச் சேர்த்தால் ஒரு பிரமிடு. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் மொத்தம் 30 பேர். பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஒருவர், அவருக்கு ஒரே நிபந்தனை: பிள்ளை தானே செய்யக்கூடியதை நீங்கள் செய்யக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளைகளால் பிரமிடைத் தனியாகக் கட்டவே முடியவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் எதைப் பிரித்துப் போடுகிறார்கள், எதை அப்படியே விட்டுவைக்கிறார்கள் என்று பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தப்பாகச் சேர்ந்த கட்டைகளைப் பிரித்தார்கள், சரியாகச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டார்கள், அதுவும் ஏறக்குறைய ஐந்து வயதுப் பிள்ளைகள் அளவுக்கே. அதாவது சரியாகச் செய்யத் தெரிவதற்கு வெகு முன்பே, எது சரி என்று பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிடுகிறது!

இதைக் கொண்டுபோய் பாலக்கோட்டு அடுப்படியில் வைத்துப் பாருங்கள். சப்பாத்தி கோணலாக வந்தது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரிகிறது. அம்மா "சூப்பர்" என்கிறார். ஒன்று, அம்மா சொல்வது பொய். அல்லது, நம்மிடம் இதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆறு வயதில் இதை வார்த்தையாகச் சொல்லத் தெரியாது. கட்டையைத் தள்ளி வைக்கத் தெரியும்.

அந்தக் கட்டுரையிலிருந்துதான் கல்வித்துறையில் இன்று எல்லோரும் சொல்லும் "சாரம் கட்டுதல்" என்ற உவமை பரவியது, அதாவது பிள்ளைக்குத் தேவைப்படும்வரை உதவி கொடுத்து, பிறகு அதை விலக்கிக்கொள்வது. எனக்கு இந்த உவமையில் ஒரு சின்னக் குறை உண்டு. சாரம் கொத்தனார் நிற்பதற்கு, கட்டடத்தின் பாரத்தை அது தாங்குவதில்லை. புரூனர் தர்மபுரிக்காரராக இருந்திருந்தால் சென்ட்ரிங் என்றுதான் பெயர் வைத்திருப்பார், காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் பலகையும் முட்டும்தான் அது. இந்த மாவட்டத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஆள் ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: காங்கிரீட் போட்ட அன்றைக்குத் தளத்தின் மொத்த பாரமும் சென்ட்ரிங் மேல்தான். நாளாக ஆக காங்கிரீட் இறுகி, பாரத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் தளம் தொங்கும், அதற்காக ஆறு மாதம் பிரிக்காமல் விட்டால் உள்ளே குடியேற முடியாது. ஆக, எப்போது பிரிப்பது என்பதுதான் மேஸ்திரியின் தொழில்நுட்பம். தளத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது. பிள்ளைக்கு?

அதற்கும் கணக்கு இருக்கிறது என்பதுதான் வுட் அடுத்தடுத்துச் செய்த ஆய்வுகளின் அழகு. உதவி என்பதை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் பொதுவாக ஒரு தூண்டுதல் மட்டும், "அடுத்து என்ன பண்ணலாம்?" என்கிற மாதிரி. இரண்டாவதில் குறிப்பாக ஒரு சொல். மூன்றாவதில் எந்தப் பொருள் என்று காட்டுவது. நான்காவதில் பொருளை எடுத்துத் தயாராக வைத்துக் கொடுப்பது. ஐந்தாவதில் நாமே செய்துகாட்டுவது. விதி இவ்வளவுதான்: பிள்ளை தடுமாறினால் ஒரு படி ஏற்று, செய்துவிட்டால் ஒரு படி இறக்கு. இந்த விதிப்படி உதவி பெற்ற பிள்ளைகள்தான் பிறகு தனியாக விட்டபோது நன்றாகச் செய்தார்கள். முழுக்கச் செய்துகாட்டியே கற்றவர்களும், வாயால் மட்டும் சொல்லிக் கற்றவர்களும் பின்தங்கினார்கள்.

படிக்கச் சுலபம். செய்து பார்த்தேன், கை அரிக்கிறது. என் தங்கச்சி மகளுக்கு ஐந்தரை வயது, விடுமுறைக்குக் காரிமங்கலம் வந்திருந்தபோது முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை தட்டக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். கீரை ஆய்ந்தது முழுக்க அவள்தான், காம்பும் கொஞ்சம் சேர்ந்தே வந்தது, இருக்கட்டும். கேழ்வரகு மாவு நல்ல வாத்தியார். கோதுமையில் மாவைச் சவ்வாக இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இதில் கிடையாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது மாவிலிருக்கும் ஸ்டார்ச் வெந்து கொஞ்சம் பசையாகிறதே, அந்தப் பிடிமானம்தான் உருண்டையை உதிராமல் வைத்திருக்கிறது. அதனால் தட்டும்போது விரல் காய்ந்திருந்தால் ஓரம் வெடிக்கும், நனைத்துக்கொண்டால் வெடிக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் பதில் உடனே வந்துவிடும், அந்தப் பதிலில் முகத்தாட்சணியம் கிடையாது.

முதல் அடையை நான் ஈரத்துணியில் தட்டிக் காட்டினேன், ஐந்தாம் படி. இரண்டாவது உருண்டையை அவளுக்குப் பாதி தட்டி வைத்துக் கொடுத்தேன், ஓரம் மட்டும் அவள் வேலை. மூன்றாவதில் ஓரம் விரிந்தபோது தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டினேன், நனைத்துக்கொண்டாள், சரியாகிவிட்டது. விதிப்படி நான் இன்னும் ஒரு படி இறங்கியிருக்க வேண்டும். பழக்க தோஷம், நான்காவது அடையின் ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பைப் பார்த்ததும் கை தானாக நீண்டு வழித்துவிட்டது. ஒரே ஒரு வழிப்பு. துணியோடு என் பக்கம் தள்ளிவிட்டாள். "மாமா, இது உன்னோடது. எனக்கு வேற உருண்டை குடு."

தப்பை ஒப்புக்கொண்டு வேறு உருண்டை கொடுத்தேன். அதைத் தட்டும்போது நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. வங்காள விரிகுடா மாதிரி ஒரு வடிவம் வந்தது. தோசைக்கல்லில் போட்டது மட்டும் நான், ஐந்து வயதுக்கு அந்தச் சூடு வேண்டாம். வெந்ததும் தன்னுடையது எது என்று அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

"இது என்னால் ஆகும்" என்கிற உணர்வை ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ஒரு கோட்பாடாக எழுதினார். அது நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லித் தெம்பூட்டுவது, தன் உடம்பின் படபடப்பும் நிதானமும். இவற்றில் வலுவானது முதலாவது. நாமோ மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம், ஏனென்றால் அதற்கு நேரம் ஆகாது, அடுப்படியும் அழுக்காகாது.

கைவேலைக்கும் இதே கதைதான், ஆனால் காசு கொடுத்து வாங்கும் கிட் எனக்குப் பிடிப்பதில்லை. அட்டையில் இருக்கிற படம் மாதிரியே வர வேண்டும் என்று வந்துவிட்டால் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை, அப்பாதான் ராத்திரி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார். ஒரு தென்னங்கீற்று, ஒரு வேலமுள், ஓலைக் காற்றாடிக்கு இவ்வளவு போதும். மடிப்பு சரியாக இருந்து, முள் இறுகாமல் இருந்தால் சுற்றும், இல்லாவிட்டால் சுற்றாது. "சூப்பர்" சொல்ல ஆள் தேவையில்லை, காற்றே சொல்லிவிடும்.

இடதுகைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் கத்தரிக்கோல் வலதுகைக்குச் செய்தது. அதை இடது கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு அலகும் நெருங்குவதற்குப் பதில் விலகும், வெட்ட வேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். பேப்பர் பிய்யும். "உனக்கு வெட்டவே வரல" என்போம். கத்தரியின் தப்பு அது. இதற்குமேல் பீச்சாங்கையால் சோற்றைத் தொடாதே, மாவைத் தொடாதே, லட்சுமி போய்விடுவாள் என்று பாட்டிமார்கள். கர்ப்பத்தில் இருக்கும்போதே எந்தக் கட்டைவிரலைச் சூப்புகிறது என்பதை ஸ்கேனில் பார்த்து, அந்தப் பிள்ளைகளையே வளர்ந்த பிறகு தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலதுகைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள், இடது சூப்பிய 15 பேரில் 10 பேர் இடதுகைக்காரர்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடும் ஒன்றை அடித்து மாற்றலாம் என்று நினைப்பதைவிட, சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவச் சொல்வது புத்திசாலித்தனம். எனக்குக் கைவேலை வகுப்பில் விழுந்த அடிகள் எல்லாம் இதற்காகத்தான், அதனால் சூடாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சமையலுக்குத் திரும்பினால், 2014-இல் சுவிட்சர்லாந்தில் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோரோடு சேர்ந்து சமைத்த அன்று அவர்கள் காய்கறி சாலட்டை அதிகம் சாப்பிட்டார்கள், மனநிலையும் மேலாக இருந்ததாகச் சொன்னார்கள். நடத்தியது ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். முடிவு தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன, பிள்ளை உட்காரும் இடத்துக்குப் பத்தடி தூரத்தில் சமையல் நடக்கிறது. கீரை ஆயவும், பட்டாணி உரிக்கவும் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு வருஷம் கவனித்து எழுத எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு விழா மேடைக்கு ஆகும் பூ அலங்காரச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வாசிப்பில் சென்ட்ரிங் பிரிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அங்கே கை நீளுவதில்லை, வாய் நீளுகிறது. பிள்ளை எழுத்துக் கூட்டும்போது அரை நொடி தடங்கினால் நாமே வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, கேட்காமலே பேசுகிறவர்கள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. நான் வகுப்பில் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்திருக்கிறேன், மூன்று வருவதற்குள் வியர்த்துவிடும்.

அதே தங்கச்சி மகளை ஒகேனக்கல் கூட்டிப்போகத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். போர்டைப் படிக்கச் சொன்னேன். "ஒ" சட்டென்று வந்துவிட்டது. அடுத்த எழுத்தில் நின்றாள். தமிழில் இது ஒரு வேடிக்கை, "கே"-யில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு, வாய்க்கு முதலில் வர வேண்டியது "க்". கண்ணைக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டும், ஐந்தரை வயதுக்கு அது பெரிய வேலை. "ஏ... கே... ஒகே..." கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் மூன்று வரை எண்ணி, பத்து வரை எண்ணி, வாயை மூடிக்கொண்டு நின்றேன். "ஒகேன... க்... கல்! மாமா, ஒகேனக்கல்!"

பஸ் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்ததற்கு இருபது நிமிடம் நின்றோம். அதற்குள் வந்து நின்ற இன்னொரு பஸ்ஸின் போர்டையும் நான் சொல்லாமலே கூட்டிப் படித்துவிட்டு, ஏறலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அது சேலம்.