பைபிளில் இருக்கிற பெயரெல்லாம் எபிரெயப் பெயர் இல்லை

போன மாதம் ஒரு இளம் தம்பதி எட்டு மாதக் குழந்தையோடு வீட்டுக்கு வந்தார்கள். கூடவே பையனின் அம்மாவும் வந்திருந்தார். குழந்தையின் பெயர் மாரா. செல்போன் செயலி ஒன்றில் 'எபிரெயப் பெயர், பொருள்: வாடாத அழகு' என்று போட்டிருந்ததாம். ஞானஸ்நானமும் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் அந்த அம்மா ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்திருக்கிறார். கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பும் நகோமி, இனி என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், என் வாழ்க்கை கசந்துபோயிற்று என்று சொல்லும் இடம். அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. "ஐயா, பச்சப்பிள்ளைக்குக் கசப்புன்னா பேர் வச்சிட்டோம்?" என்று கேட்டு என் முன்னால் அழுதார்.

இறையியல் மாணவர்களுக்கு எபிரெயம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் பெயர்களுக்குப் பொருள் கேட்டு வருகிறவர்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். பாதிப் பேர் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பைபிளில் வருகிற பெயர் வேறு, எபிரெயப் பெயர் வேறு, யூதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் வேறு. இந்த மூன்றும் ஒன்று என்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

பவுல் எபிரெயப் பெயரா? இல்லை, 'சிறியவன்' என்று பொருள்படும் லத்தீன் பெயர். அவருடைய எபிரெயப் பெயர் சவுல், 'கேட்டுப் பெற்றவன்'. பிலிப்பு கிரேக்கம்: குதிரைப் பிரியன். ஸ்தேவானும் கிரேக்கம்: கிரீடம். பேதுருவும் கிரேக்கம்தான், பாறை என்று பொருள். மார்த்தாள், எபிரெயத்தின் உறவு மொழியான அரமேயம்: வீட்டுத் தலைவி. தோமாவும் அரமேயம்: இரட்டையரில் ஒருவர். தபீத்தாள் என்றால் அரமேயத்தில் பெண்மான். புதிய ஏற்பாட்டை விடுங்கள், பழைய ஏற்பாட்டிலேயே மொர்தெகாய் என்ற பெயருக்குள் பாபிலோனின் தெய்வமான மர்துக் இருக்கிறார். எஸ்தர் என்பதைப் பாரசீகத்தில் நட்சத்திரம் என்கிற சொல்லோடு சிலர் சேர்க்கிறார்கள்; இஷ்தார் தேவியின் பெயரோடு சிலர் சேர்க்கிறார்கள். எபிரெயம் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்வதில்லை. அவளுடைய எபிரெயப் பெயர் அத்சாள், அதாவது மிருதுச் செடி (myrtle). மோசே? தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று யாத்திராகமம் எபிரெயச் சொல்லோடு இணைத்துச் சொல்கிறது. ஆனால் வைத்தவள் எகிப்து இளவரசி. எகிப்திய மொழியில் அந்த ஒலிக்கு 'பிறந்தவன்' என்று பொருள். துத்மோஸ் என்ற மன்னன் பெயரின் வாலிலும் அதே சொல்தான் நிற்கிறது.

இதையெல்லாம் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஏன் வாட வேண்டும்? எபிரெயம் இல்லாததால் பெயரின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. பொய்யான பொருளை நம்பி வைக்காதீர்கள் என்பதுதான் என் கவலை.

யூதர்கள் எல்லோருக்கும் எபிரெயப் பெயர்தான் என்பதும் தவறு. கி.மு. முதல் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட யூத அரசன் ஒருவனின் பெயர் அலெக்சாந்தர் யன்னாய். இஸ்ரேலின் பிரதமராக இருந்த கோல்டா மேயிரின் முதற்பெயருக்கு, ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் தங்கம் என்று பொருள். ஐரோப்பிய யூதர்களிடம் ஸெவ் வொல்ஃப், அர்யே லைப் என்று இரட்டைப் பெயர்கள் உண்டு. ஸெவ் எபிரெயத்தில் ஓநாய், வொல்ஃப் இத்திஷில் அதே ஓநாய். அர்யே, லைப் இரண்டும் சிங்கம். ஒன்று ஜெப ஆலயத்துக்கு, ஒன்று வீட்டுக்கும் தெருவுக்கும். ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் பெரும்பாலும் மற்ற ஜெர்மானியர்களைப் போலவே பெயர் வைத்திருந்தார்கள். பெயரை வைத்து அவர்களை அடையாளம் காண முடியாததால்தான் 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. யூதப் பெயர்கள் என்று அரசு அச்சிட்ட பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் 1939 ஜனவரி 1 முதல் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆபிரகாமின் மனைவியுடைய பெயரை முத்திரை குத்தப் பயன்படுத்தினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் கம்மிவிடும்.

சரி, உண்மையிலேயே எபிரெயமான பெயர்களுக்கு வருவோம். அவற்றில் பல, சின்ன வாக்கியங்கள். 'ஏல்' என்றால் கடவுள். தமிழில் இந்த ஏல் 'வேல்' ஆனதும், 'யேல்' ஆனதும் நம் உடம்படுமெய் செய்த வேலை. சாமு-ஏல் சாமுவேல் ஆயிற்று, தானி-ஏல் தானியேல் ஆயிற்று. முருகன் கை வேலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரின் முன்னால் 'யோ' வந்தாலோ, கடைசியில் 'யா' வந்தாலோ பெரும்பாலும் கர்த்தருடைய திருப்பெயரின் சுருக்கம். நாத்தான் என்றால் 'தந்தார்'. யோனத்தான், நெத்தனியா, நாத்தான்வேல், எல்நாத்தான் நான்கும் ஒரே பொருள்தான்: கடவுள் தந்தார்.

மிகாவேல் என்ற பெயருக்குக் 'கடவுளைப் போன்றவன்' என்று ஒரு செயலி விடாமல் போடுகிறது. அது கேள்வி ஐயா, கேள்வி! 'கடவுளுக்கு நிகர் யார்?' யாரும் இல்லை என்பதுதான் அதற்குள் இருக்கும் பதில். அந்தக் கேள்விக்குறியைத் தூக்கிவிட்டால் பெயர் நேர் எதிராகிவிடுகிறது.

இன்னும் பல பெயர்கள் வெறும் செடி, விலங்கு. தெபொராள் தேனீ, ராகேல் பெண்ணாடு, யோனா புறா, சிப்போராள் பறவை, தாமார் பேரீச்சை. தேனீயைத் தேனீ என்று எழுதாமல் 'அயராத உழைப்பும் ஞானமும் நிறைந்தவள்' என்று எழுதுவார்கள். தேனீ என்றால் என்ன குறைச்சல்? இன்றைய இஸ்ரேலிலும் தால் (பனித்துளி), கால் (அலை), ஷாக்கேத் (பாதாம்) என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

'ஜெ'யில் தொடங்கும் எபிரெயப் பெயர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு: பழைய எபிரெயத்தில் அந்த ஒலியே இல்லை. யகரம்தான். நாம் ஜெமிமா என்று வைக்கிற பெயர் தமிழ் வேதாகமத்தில் எமீமாள். ஜெபா என்பது ஜெபத்திலிருந்து வந்தது, அது வடமொழி.

யூதர்களே பொருளைத் தேடித்தான் பெயர் வைக்கிறார்களா என்றால், பல வீடுகளில் அப்படி இல்லை. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பெயர் சொல்லுவார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் இறந்துபோன தாத்தா பாட்டியின் பெயரை வைப்பார்கள், உயிரோடு இருப்பவர் பெயரைத் தவிர்ப்பார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபராதி யூதர்கள் கண்முன்னே உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பெயரையே வைப்பார்கள். பெயரனைப் பேரன் என்று கூப்பிடும் நமக்கு இது புரியாததா?

ஆகவே, தயவுசெய்து செயலியை மூடிவையுங்கள். பிடித்த பெயர் பைபிளில் எந்த வசனத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். வசனமே இல்லாத 'பைபிள் பெயர்' என்றால் அங்கேயே நில்லுங்கள். வசனம் இருந்தால் முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் வாசியுங்கள். நாபால் என்றால் மூடன், இக்கபோத் என்றால் மகிமை இல்லை என்று அந்தந்தக் கதையே சொல்லிவிடும். அவசரம் வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம்.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் பயந்து நடுங்காதீர்கள். பெயர் சாபம் ஆகாது. வேதனையோடு பெற்றேன் என்று சொல்லித்தான் யாபேசுக்கு அவன் தாய் பெயரிட்டாள். அவன் தன் சகோதரர்களைவிட மதிப்புப் பெற்றவனாக இருந்தான் என்று அதே வசனம் சொல்கிறது.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். பிறகு ரூத் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, மாராள் என்று கூப்பிடச் சொன்ன பிறகு யாராவது அவளை அப்படிக் கூப்பிடுகிறார்களா, பாருங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடினார். நான்காம் அதிகாரத்தின் கடைசி வரை நகோமிதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் மடியிலிருக்கும் பேரப்பிள்ளையைப் பார்த்து, நகோமிக்கு ஒரு பிள்ளை பிறந்தான் என்கிறார்கள்.

"அப்ப நகோமின்னே எழுதிரலாமா ஐயா?" என்று மகனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. நான்கு மாதம் இருக்கிறது.