வீட்டு பிளான் போடுகிற படிப்பா?

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம். பிரியாணியும் பருப்பும் இலைக்கு வந்த நேரம், எதிரே உட்கார்ந்திருந்த ஆன்ட்டி கேட்டார்: "தம்பி, என் பேத்தி டவுன் பிளானிங் படிக்கணும்னு நிக்கிறா. முடிச்சா நம்ம வீட்டுப் பின்பக்க ரூமுக்கு பிளான் பாஸ் பண்ணித் தருவாளா?"

டர்பனில் பல வருஷமாக டவுன் பிளானராக இருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் கேட்கும் கேள்விதான். அந்த ஒரு ரூம் இரண்டு சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சுவர் நிற்குமா, கூரை தாங்குமா, சாக்கடை எங்கே போகும் என்பதெல்லாம் 1977ஆம் ஆண்டின் கட்டடத் தரச் சட்டம். அதற்கு ஆர்க்கிடெக்ட் வேண்டும், அல்லது டிராஃப்ட்ஸ்மேன். அந்த மனையில் இன்னொரு வீடு வரலாமா, வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும், கராஜில் டேக்அவே நடத்தலாமா என்பது வேறு கணக்கு. அது 2013இல் வந்த ஸ்ப்ளூமா என்ற நிலத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம். எங்கள் வேலை இந்த இரண்டாவது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டி முடித்து, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, நோட்டீஸும் கையுமாகத்தான் வருகிறார்கள். கல் வைப்பதற்கு முன் வந்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

சரி, பல்கலைக்கழகத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? சட்டம், பொருளாதாரம், மண், போக்குவரத்து, கணினி வரைபடம். ஸ்டூடியோ என்றொரு வகுப்பு உண்டு, உயிரை வாங்கும். ஒரு பேட்டையைக் கையில் கொடுத்து, தெருத் தெருவாக நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது காட்டோ மேனர்.

அங்கே பெல்லேர் ரோட்டில் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. நம் முன்னோர் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய பழைய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. இப்போதுள்ள கோயில் 1947இல் எழுந்தது. ஆறு தன் இடத்தை மறப்பதில்லை. 2022 ஏப்ரல் மழையில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பால்மியட் ஆற்றோரத்துக் குவாரி ரோடு குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கோட்டினை வரைபடத்தில் காட்டாமல் புதுக் குடியிருப்பு எதையும் ஏற்படுத்தக் கூடாது என்கிறது 1998ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம். குடிசை போடுகிறவரிடம் யார் கோடு காட்டச் சொல்வார்கள்? ஸ்டூடியோவில் விடிய விடிய நாங்கள் சண்டை போட்டது இதை வைத்துத்தான்.

காட்டோ மேனருக்கு இன்னொரு கதையும் உண்டு. எங்கள் ஆயா அங்கே கீரை பயிரிட்டவர். இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து 1958இல் அந்த இடத்தை வெள்ளைக்காரர் பகுதி என்று அறிவித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். சனத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். காலி செய்த நிலத்தில் பெரும்பகுதி பல வருஷம் புல் முளைத்துச் சும்மா கிடந்தது. சாட்ஸ்வொர்த்தைப் போட்ட இடமும் தற்செயல் இல்லை. கறுப்பர்கள் குடியிருந்த உம்லாசிக்கும் வெள்ளைக்காரர் பேட்டைகளுக்கும் நடுவே தடுப்பு மாதிரி இந்தியர்களான நம்மை வைத்தார்கள். அந்த மேப்புகளுக்குக் கலர் அடித்தவர்களும் என் தொழில்காரர்கள்தான். இந்தப் படிப்பில் சேருகிற நம் பிள்ளை இதை முதல் வருஷமே தெரிந்துகொள்வது நல்லது என்பேன்.

இப்போது பெற்றோருக்கு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்பிளான் என்ற மன்றத்தில் பதிவு செய்யாமல் பிளானராகத் தொழில் செய்ய முடியாது. பெயரில் 'பிளானிங்', 'டெவலப்மென்ட்' என்று இருக்கும் பட்டம் எல்லாவற்றையும் மன்றம் ஏற்காது. நல்ல மார்க்கோடு ஒரு பிள்ளை என் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்தாள். படித்த பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை. சேரும்போது ஒருவரும் சொல்லவில்லை, அவள் அப்பாவும் கேட்கவில்லை. மேற்கொண்டு படித்துத்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஆகவே ஃபீஸ் கட்டுமுன் மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள், அதுவும் அந்த வருஷத்துப் பட்டியலை. வழியும் ஊருக்கு ஊர் மாறும்: ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிரிட்டோரியாவிலும் பள்ளி முடித்ததுமே இந்தப் படிப்பில் சேரலாம், கேப் டவுனில் வேறு டிகிரி முடித்துவிட்டு முதுநிலையில்தான் சேர முடியும்.

பந்தியில் ஆன்ட்டியிடம் இவ்வளவும் சொல்ல முடியவில்லை, பாயசம் வந்துவிட்டது. எழுந்து கை கழுவும்போதுதான் பேத்தி ஒன்பதாம் வகுப்பு என்று தெரிந்தது. மேத்ஸ் கஷ்டமாக இருக்கிறதாம், பத்தாவதில் மேத்ஸ் லிட்டரசிக்கு மாறப் போகிறாளாம். அது அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம், இந்தப் படிப்பில் சேரப் பெரும்பாலும் போதாது. பாடம் மாற்றும் ஃபாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்டேன். "திங்கக்கிழமை, தம்பி" என்றார். பேத்தியைக் கூப்பிடச் சொன்னேன்.